சோலைமலை கையில் துப்பாக்கி இல்லை

ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து திண்டுக்கல் சந்தைக்குக் காய் கொண்டுவரும் சுந்தரம்மாள், ஒரு நாள் காலையில், தன் புருஷன் முப்பது பேரைச் சுட்டுக் கொன்றான் என்று சுவரில் படித்தாள்.

1962ஆம் வருஷம், ஐப்பசி மாதம். வடக்கே எல்லையில் சீனாவோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. டீக்கடை ரேடியோக்களின் முன்னால் ஆட்கள் கும்பலாக நின்றார்கள். பாதுகாப்பு நிதிக்கென்று பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். சுந்தரம்மாளும் காதில் மிச்சமிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தாள்.

அவரைக்காய்க் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, எதிரே கமிஷன் கடைச் சுவரில் அந்த நோட்டீஸ் பசை காயாமல் ஒட்டியிருந்தது. 'சீனரை அன்றே சிதறடித்த சிங்கம். விண்ணிலிருந்து குதித்த வீரன் சோலைமலை. கொரியாப் போரில் தன்னந்தனியே முப்பது சீனரைச் சுட்டு வீழ்த்தி வீரமரணம் எய்தியவர்.' நடுவில் முறுக்கு மீசையோடு துப்பாக்கி ஏந்திய ஒருவனின் படம். கீழே பொதுக்கூட்டத்தின் தேதி.

சோலைமலையின் கடிதங்களைப் படிப்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்டவள் அவள். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். சோலைமலைக்கு மீசையே கிடையாது. அது போகட்டும், படம் போட்டவன் பார்த்திருக்க மாட்டான். ஆனால் முப்பது பேர்? 

அவன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாதா?

சோலைமலை சின்ன வயசில் ஊர்த் தோப்புகளில் தேங்காய் பறிக்க ஏறிக்கொண்டிருந்தவன். எவ்வளவு உயரமான மரமானாலும் ஏறிவிடுவான். ஆனால் கருப்பணசாமிக்குக் கிடா வெட்டுகிற அன்றைக்கு மட்டும் கோயிலுக்குப் பின்னால் போய், வேலிப் பக்கம் பார்த்து நின்றுகொள்வான். ஊரே அவனைக் கேலி பேசும். அப்படிப்பட்டவன் 1943இல் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கே அவனை ஆஸ்பத்திரிப் பிரிவில் போட்டார்கள். கிடா ரத்தத்தைப் பார்க்க மாட்டாதவன் பர்மாப் பக்கம் மனுஷ ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டான்.

சுந்தரம்மாளைக் கல்யாணம் செய்த பிறகு, பாராசூட் மருத்துவப் படை ஒன்றில் அவனை எடுத்துக்கொண்டார்கள். விமானத்திலிருந்து மருந்துப் பெட்டியோடு குதித்து, குடை மாதிரி விரிகிற துணியில் தொங்கிக்கொண்டு சண்டை நடக்கிற இடத்தில் இறங்கி, அடிபட்டவர்களைப் பார்க்கவேண்டும். லீவில் வந்திருந்தபோது இதைச் சொன்னான். 

"பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"பயந்தான். கீழ ஒருத்தன் நமக்காகக் காத்துக்கெடக்கான்னு நெனச்சுக்கிருவேன். அப்புறம் குதிச்சிரலாம்."

"துப்பாக்கி குடுப்பாங்களா?"

"எங்களுக்குச் செவப்புச் சிலுவை போட்ட கைப்பட்டைதான். அதைக் கட்டுனவன் யாரையும் சுடக்கூடாது, அவனையும் யாரும் சுடக்கூடாது. அப்படித்தான் பேச்சு."

1950 கடைசியில், அங்கே சீனப் படையோடு சண்டைபோட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு வைத்தியம் பார்க்க அவனுடைய படையைக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் புரட்டாசியில் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயசு. பிள்ளை இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, செத்தவனுக்கு வீரப் பதக்கம் என்று கடிதம் வந்தது. புருஷனின் அண்ணன் நாச்சிமுத்துவோடு மெட்ராசுக்குப் போய், ஒரு பெரிய ராணுவ அதிகாரியின் கையிலிருந்து அதை வாங்கி வந்தாள். ஊரில் அந்தப் பதக்கத்தைத் தட்டில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். கும்பிட்ட அதே ஆட்கள், மறுநாள் விதை வாங்கப் புறப்படும்போது அதைக் கொண்டுவந்தவள் எதிரே வந்துவிட்டாள் என்று வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்து போனார்கள். அன்றைக்கே சுந்தரம்மாளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. இவர்களுக்கு வீரன் வேண்டும், அவனைச் சேர்ந்தவர்கள் வேண்டாம்.

பதக்கத்தோடு இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த சகாயராணி அதைப் படித்துச் சொன்னாள். குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, தன் உயிரைப் பொருட்படுத்தாமல் மூன்று முறை வெட்டவெளிக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு உதவினார், மூன்றாவது முறை போனபோது இறந்தார் என்று அதில் இருந்தது.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்க்கா போட்டிருக்கு. ஆனா இது சாதாரணமில்ல."

மிச்சத்தைச் சொன்னவர் மைதீன் பிச்சை. திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். அதே படையில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர். 1954இல் ஊர் திரும்பியதும், சோலைமலையின் ஒரு சட்டையையும் சவரப் பெட்டியையும் கொடுப்பதற்காக ரெட்டியார்சத்திரத்தில் பஸ் இறங்கி நடந்தே வந்தார். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"ரெண்டு வெள்ளைக்காரப் பசங்களைத் தூக்கிட்டு வந்துட்டாரு, தாயி. மூணாவதா கெடந்தவன் நம்ம பக்கத்து ஆளு இல்ல. சீனாக்காரப் பையன். பதினெட்டு வயசிருந்தா அதிகம். வயக்காட்டுல கெடந்து கத்துறான். அவன் ஒண்ணும் நம்மாளு இல்ல, போகாதேன்னு ஆபீசரு சொன்னாரு. இவரு, 'அம்மாங்கிறான் சார்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவன் எந்தப் பாஷையில என்ன கூப்பிட்டானோ, இவருக்கு அப்படிக் கேட்டிருக்கு. போயி, கட்டுப் போட்டு, தோள்ல தூக்கினதை நானே பார்த்தேன். அப்பத்தான் குண்டு விழுந்துச்சு. ரெண்டு பேரு உடம்பையும் நாங்கதான் எடுத்தோம்."

அன்றைக்குத்தான் சுந்தரம்மாள் முழுசாக அழுதாள். அதுவரை செத்தது யாரோ ஒரு பட்டாளத்துக்காரன். மைதீன் பிச்சை சொன்ன பிறகுதான் செத்தது சோலைமலை என்று ஆயிற்று.

அந்த ஆளைத்தான் இப்போது கொலைகாரனாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

நோட்டீஸ் அடித்தவர் சேதுபதி என்று கமிஷன் கடைக்காரர் சொன்னார். சேதுபதி ஊரில் பெரிய கை. பூட்டுப் பட்டறையும் மூன்று லாரிகளும் வைத்திருந்தார். சண்டை தொடங்கியதும் ஒரு நினைவுக் குழு அமைத்து, அதற்குத் தானே தலைவரும் ஆகியிருந்தார். சுந்தரம்மாள் விற்காத காயை அப்படியே போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனாள்.

"வா தாயி," என்றார் சேதுபதி. "நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். மேடையில ஒனக்கும் நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

"நோட்டீசுல தப்பா அடிச்சிருக்கீங்க, முதலாளி. அவரு யாரையும் சுடல. கட்டுப் போடுற ஆளு."

"சண்டைக்குப் போனவன் சுடாமலா இருப்பான்?"

"அவருக்குத் துப்பாக்கியே கெடையாது."

சேதுபதி சிரித்தார். "ஒனக்கு வெவரம் தெரியாது. சனங்களுக்கு இப்ப ரோசம் வரணும். கட்டுப் போட்டான், மருந்து தடவுனான்னு சொன்னா எவனுக்கு ரோசம் வரும்?"

"ரோசம் வரணும்னா ஒங்க பேரைப் போட்டு அடிச்சுக்கங்க. முப்பது என்ன, முந்நூறுன்னு போட்டுக்கங்க. செத்தவரு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாருன்னுதான அவரு பேருல அடிச்சிருக்கீங்க?"

பட்டறையில் அரம் ஓடும் சத்தம் நின்றது. சேதுபதியின் முகம் இறுகியது. "ஒன் மச்சான் நாச்சிமுத்து சம்மதம் குடுத்தாச்சு. போயி அவன்கிட்டக் கேளு," என்றார்.

வெளியே ஒரு லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் டிரைவர் மைதீன் பிச்சை. ஊர் திரும்பிய பிறகு சேதுபதியிடம்தான் அவருக்கு வேலை. நத்தம் புளியையும் மாங்காயையும் கொடைரோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். உள்ளே நடந்தது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"அண்ணே, கூட இருந்தவரு நீங்க. ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

மைதீன் பிச்சை வண்டியின் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு புள்ளைங்க, தாயி. இந்த நேரத்துல போயி, சீனாக்காரனுக்கு ஒத்தாசை பண்ணப் போயித்தான் செத்தாருன்னு நான் சொன்னா..."

அவர் முடிக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் வீடு போகும் வழியெல்லாம் சேதுபதியைவிட மைதீன் பிச்சைமேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது.

வீட்டில் நாச்சிமுத்து புதுத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி பேரில் சிலை வைக்கப்போகிறார்கள், நம்ம குடும்பத்துக்கே கௌரவம் என்றார்.

"ஒங்க தம்பி கெடா வெட்டுனாலே பார்க்க மாட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா, மச்சான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? ஊரே பெருமையாப் பேசுது. நீ ஏன் குறுக்க வர்ற?"

கூட்டத்துக்கு அவள் போனாள். மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். விளக்கேற்றும் நேரம் வந்ததும், அதை வேறு யாராவது ஏற்றட்டும் என்று ஒருவர் அவளை மெதுவாகக் கையமர்த்தினார். குத்துவிளக்கைச் சேதுபதியின் மனைவி ஏற்றினாள். ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். முப்பது சீனர் என்பது பேசப்பேச நாற்பதானது. ஒருவர் கையால் கழுத்தை நெரிப்பதுபோலச் செய்துகாட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கடைசியில், வீரனின் விதவை இரண்டு வார்த்தை நன்றி சொல்வார் என்று மைக்கை அவள் முன்னால் தள்ளினார்கள்.

சுந்தரம்மாள் அதுவரை மைக் முன்னால் நின்றதில்லை.  அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க சொன்னது அம்புட்டும் பொய்யி. எங்க வீட்டுக்காரரு ஒருத்தரையும் கொல்லல. அடிபட்டவங்களைத் தூக்குறதுதான் அவரு வேலை. ரெண்டு பேரைக் காப்பாத்துனாரு. மூணாவது ஒரு சீனாக்காரப் பையனைக் காப்பாத்தப் போயித்தான்..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. தொண்டை கிழியச் சொல்லி முடித்தாள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. யாரோ ஊளையிட்டார்கள். மேடைமேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. நாச்சிமுத்து கீழே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் சந்தையில் அவளிடம் காய் வாங்க ஆள் வரவில்லை. 'சீனாக்காரி' என்று ஒருவன் கூடையை எத்திவிட்டுப் போனான். காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். புருஷனைக் கொடுத்தவள். மண்ணில் உருண்ட கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே அவள் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

இன்னும் சில நாளில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். எதிரிக்கு ஆதரவாகப் பேசினாள் என்று புகார் போயிருந்தது. சுந்தரம்மாள் பெட்டியிலிருந்த பதக்கத்தையும் இங்கிலீஷ் தாளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தாளை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"இதுல சீனாக்காரன்னு எங்கேயும் போடலையேம்மா."

"துப்பாக்கின்னு எங்கேயாச்சும் போட்டிருக்கா?"

அவர் மறுபடி பார்த்தார். "இல்ல."

"முப்பது பேருன்னு?"

"இல்ல."

"அப்ப என்னைய மட்டும் ஏன் வந்து கேக்குறீங்க? இல்லாததைச் சொல்லி மேடை போட்டவங்களைக் கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "காலம் சரியில்ல. வாயைக் கொஞ்சம் அடக்கிக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவளைக் கைது செய்யவில்லை. அவ்வளவுதான் அவரால் முடிந்த நியாயம்.

அடுத்த சித்திரையில், பழநி ரோடு முக்கில் சிலையைத் திறந்தார்கள். சண்டை அதற்குள் முடிந்துபோயிருந்தது. சிமெண்டுச் சிலை. முறுக்கு மீசை, விறைத்த மார்பு, இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்த துப்பாக்கி. கீழே கல்வெட்டில் முப்பது சீனர். திறப்பு விழாவுக்கு அவளை அழைக்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு மாலை போட்டார்கள். அன்றைக்கு மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது, சுந்தரம்மாள் தன் பங்குக் காணியைத் தனியாகப் பிரித்துக் கேட்டாள். அதன்பின் அவரோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் பஸ்ஸைவிட்டு இறங்கியவள், சந்தைக்குப் போகாமல் சிலையின் பீடத்தடியில் சாக்கை விரித்தாள். கத்தரி, அவரை, கொஞ்சம் மொச்சை. காய் வாங்க நின்றவர்களிடம், தராசில் காயைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மேல நிக்கிறாரே, அவரு எங்க வீட்டுக்காரரு. கல்லுல எழுதியிருக்கிறது பொய்யி. செத்த நேரம் நில்லுங்க, நெசத்தைச் சொல்றேன்."

கேட்டவர்கள் கேட்டார்கள். பைத்தியம் என்று விலகியவர்கள் விலகினார்கள். சேதுபதி ஆள் விட்டு அவளை இரண்டு முறை அப்புறப்படுத்தினார். மூன்றாம் நாளே திரும்ப வந்து உட்கார்ந்தாள். போகப்போக அந்த முக்கில் அவளும் ஒரு அடையாளம் ஆகிவிட்டாள். மைதீன் பிச்சையின் லாரி மட்டும் அந்த முக்கைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியும்.

1965 ஆவணியில் மறுபடி சண்டை. இந்த முறை பாகிஸ்தானோடு. ஒரு நாள் காலையில் அவள் வந்தபோது, பெயிண்டர் ஒருவன் ஏணி போட்டுக் கல்வெட்டில் 'சீனர்' என்ற எழுத்தைச் சுரண்டி, 'பகைவர்' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றே?"

"எனக்கென்ன தெரியும்க்கா. மாத்தச் சொன்னாங்க, மாத்துறேன்."

சுந்தரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே கண்ணில் தண்ணீர் முட்டியது. சோலைமலையை வாயில்லாத பொம்மை என்று நினைத்துவிட்டார்கள். யாரோடு சண்டையோ அவர்களைக் கொல்ல அவனைத் திருப்பி நிறுத்திக்கொள்ளலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் சிலை முன்னால் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், சோலைமலை காஷ்மீரில் செத்ததாகவே பேசினார். துலுக்கனின் துரோகக் குண்டுக்கு மார்பைக் காட்டியவன் என்றார். சேதுபதி பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். சுந்தரம்மாள் சாக்கிலிருந்து எழுந்தாள். ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, செத்த நிறுத்துங்க."

மைதீன் பிச்சை. வேலையிலிருந்து நேரே வந்த அழுக்குக் காக்கிச் சட்டை. அதன்மேல் கொரியாவுக்குப் போய்வந்ததற்குத் தந்த மெடலைக் குத்தியிருந்தார். ஆட்கள் வழி விட்டார்கள்.

"அவரைத் தூக்கிக் குழியில வச்சவன் நான். நானும் துலுக்கன்தான். அவரு செத்தது காஷ்மீர்ல இல்ல, கொரியாவுல. கையில துப்பாக்கி இல்ல, கட்டுத்துணி இருந்துச்சு. இந்தப் பொம்பளை ரெண்டு வருஷத்துக்கு மேலா இங்க உக்காந்து சொல்றது அம்புட்டும் நெசம். நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அது என் தப்பு."

"துலுக்கன் வேற எப்படிப் பேசுவான்?" என்று ஒருவன் கத்தினான்.

சுந்தரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மைதீன் பிச்சையின் பக்கத்தில் நின்றாள். "கத்துனவன் முன்னால வா," என்றாள். "இவரு கொரியாவுல வண்டி ஓட்டுனப்ப நீ எங்கேடா இருந்தே?"

யாரும் முன்னால் வரவில்லை. வந்தவர்கள் வேறு ஆட்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்களில் ஒரு கிழ ஹவில்தார் மேடை ஏறி, பேச்சாளரை விட்டுவிட்டுச் சேதுபதியிடம், "பதக்கத் தாள் எங்கே? அதைப் படிக்காமலா கல்லுல வெட்டுனீங்க?" என்று கேட்டார்.  கூட்டம் பாதியில் கலைந்தது.

மைதீன் பிச்சைக்கு மறுநாளே லாரி வேலை போயிற்று. இது நியாயமா என்று கேட்க ஊரில் ஒரு பெரிய மனுஷனும் வாய் திறக்கவில்லை. கிழ ஹவில்தார்தான் ஒரு பஸ் கம்பெனியில் சொல்லி அவருக்கு வேறு வேலை வாங்கித் தந்தார். அந்தப் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஆபீஸ் ஆபீசாக விடாமல் ஏறி இறங்கியதில், பொங்கலுக்கு முன்னால் கல்வெட்டை மாற்றினார்கள். சகாயராணி தாளைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். மூன்று முறை போய்க் காயம்பட்டவர்களுக்கு உதவி, மூன்றாவது முறை உயிர்விட்டவர் என்று இப்போது கல்லில் இருக்கிறது. சீனாக்காரப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை போடுங்கள் என்று சுந்தரம்மாள் கேட்டுப் பார்த்தாள். அதற்கு ஹவில்தார்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

துப்பாக்கியையும் எடுக்கவில்லை. அதை உடைத்தால் இரண்டு கையும் சேர்ந்து வந்துவிடும், சிலை கெட்டுப்போகும் என்று சேதுபதி சொல்லிவிட்டார். எழுத்து ஒன்று சொல்ல, சிலை வேறொன்று சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அதனால் அவள் இடத்தை மாற்றவில்லை. அந்த வருஷம் மாசியில், பழநிக்குப் போகிற வழியில் இறங்கிய ஒரு குடும்பம் சிலையை அண்ணாந்து பார்த்தது. "இவரு எத்தனை பேரைச் சுட்டாரும்மா?" என்று அந்தக் குடும்பத்து ஆள் கேட்டான்.

"ஒருத்தரையும் சுடல," என்றாள் சுந்தரம்மாள்.

"அப்புறம் கையில துப்பாக்கி?"

"அது வச்சவங்ககிட்டக் கேக்கவேண்டியது. பட்டறை அந்தத் தெருவுல இருக்கு, போயிக் கேளுங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." மொச்சையை முறத்தில் தள்ளிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பஸ் கெளம்ப நேரம் இருக்குல்ல? உக்காருங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்."